வந்த சீட்டைத்தானே ஆடுகிறோம்? – விவாத இழை

வாசகர் கேள்வி, மார்ச் 2

"சில வருடங்களாக ரம்மி ஆடுகிறேன். ஆட்டம் துளியும் முன்னேறவில்லை. வந்த சீட்டைத்தானே ஆடுகிறோம், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? திறமையை வளர்க்க வேண்டுமென்றால் செஸ் ஆட வேண்டும். சீட்டு வெறும் பொழுதுபோக்கு."

மார்ச் 2, இரவு

ஆட்டம் முன்னேறவில்லை என்பதை நம்புகிறேன். சொன்ன காரணத்தை ஏற்க முடியவில்லை.

செஸ்ஸில் ஒரு குதிரையைக் கவனக்குறைவாக விட்டால் அடுத்த நகர்த்தலிலேயே அது போய்விடும். தப்பு உடனே தெரியும். சீட்டில் மோசமாக ஆடி ஜெயிக்கலாம், அருமையாக ஆடித் தோற்கலாம். மனமோ ஜெயித்த ஆட்டத்தைச் சரி என்றும் தோற்றதைத் தப்பு என்றும் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் பாதிக்குப் பாதி பிழை. வருடக்கணக்கில் பிழையான கணக்கைப் படித்தால் ஆட்டம் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

சீட்டில் கற்க நிறைய இருக்கிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய பலன்தான் அடிக்கடி பொய் சொல்கிறது.

மார்ச் 3

உதாரணம் கேட்டார்கள். பிரிட்ஜிலிருந்து எடுக்கிறேன். பிரிட்ஜ் தெரியாதவர்களும் தொடரலாம். நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள், கூட்டாளியின் கை மேசையில் திறந்து கிடக்கும்.

ஒரு ரகத்தில் உங்கள் இருவரிடமும் சேர்த்து 9 சீட்டு. ஏஸ், ராஜா, ஜாக்கி மூன்றும் கூட்டாளியின் கையில். எதிராளிகளிடம் 4 சீட்டு, அதில் ராணி ஒன்று. முதலில் ஏஸை ஆடுகிறீர்கள். இருவரும் சின்னச் சீட்டு போடுகிறார்கள். அடுத்து உங்கள் கையிலிருந்து ஒரு சின்னச் சீட்டு. இடப்பக்கத்தவரும் சின்னதே போடுகிறார். இப்போது ராஜாவைப் போட்டு, வலப்பக்கத்தவரின் ராணி விழும் என்று காத்திருப்பதா? அல்லது ராணி இடப்பக்கத்தவரிடம் இன்னும் இருக்கிறது என்று நம்பி ஜாக்கியைப் போடுவதா?

வெளியே மிச்சமிருப்பது ராணி ஒன்றுதான். இடப்பக்கத்தவரின் 13-இல் இரண்டு தெரிந்துவிட்டது, தெரியாதவை 11. வலப்பக்கத்தவரிடம் ஒன்றுதான் தெரிந்தது, தெரியாதவை 12. ஆகவே ராணி வலப்பக்கம் இருக்க 23-க்கு 12 வாய்ப்பு, சுமார் 52 சதவீதம். ராஜாவைப் போடுவதே சரி. நம்மிடம் 8 சீட்டு மட்டும் இருந்தால் கணக்கு மறுபக்கம் சாயும்.

52-க்கு 48. இதை அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியுமா? இந்த இக்கட்டு 2000 முறைக்கு மேல் வந்து, ஒவ்வொன்றையும் குறித்து வைத்தால்தான் ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். அதற்குள் கடைசியாகத் தோற்ற இரண்டு ஆட்டங்கள் மனதை இழுத்துக்கொண்டு போய்விடும். உட்கார்ந்து எண்ணினால் ஒரு நிமிடம்.

மார்ச் 5

கேட்டவர் ரம்மிக்காரர். அதையே பேசுவோம். இரண்டு கட்டு, 13 சீட்டு, ஏஸ் மேலும் கீழும் சேரும் என்ற விதி. ஒரே ரகத்தில் அடுத்தடுத்த மூன்று சீட்டு வரிசை, வெவ்வேறு ரகங்களில் ஒரே எண் மூன்று செட். ஜோக்கரை இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

கையில் ஆர்ட்டின் 7, 8. இதை வரிசையாக்கும் சீட்டுகள் ஆர்ட்டின் 6, ஆர்ட்டின் 9. இரண்டு கட்டு என்பதால் மொத்தம் 4. ஆர்ட்டின் 7, 9 என்றால் 8 மட்டும்தான் உதவும், அதாவது 2. கையில் ஆர்ட்டின் 7, ஆர்ட்டின் 8, ஸ்பேட் 8 என மூன்றும் இருந்தால்? ஆர்ட்டின் 6, 9, அத்துடன் டைமண்ட் 8, கிளாவர் 8. எல்லாம் இரண்டிரண்டு, மொத்தம் 8. மூன்றாவது சீட்டாக அந்த ஸ்பேட் 8-ஐ வைத்திருப்பதற்கும், எதனோடும் சேராத ஒரு ராஜாவை வைத்திருப்பதற்கும் இடையே வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்த படியில்தான் ஆட்டக்காரர்கள் பிரிகிறார்கள். உதவக்கூடிய அந்த எட்டுச் சீட்டில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது? திறந்த சீட்டாக வந்து, மேலே வேறு சீட்டு விழுந்து மறைந்துபோன ஒவ்வொன்றையும் கழிக்க வேண்டும். ஆர்ட்டின் 9 இரண்டும் போய்விட்டன, 6 ஒன்று போய்விட்டது என்றால் உங்கள் 7, 8 ஜோடிக்கு மிச்சம் ஒரே சீட்டு. அதையும் வேறொருவர் கையில் வைத்திருக்கலாம். நான் பார்த்த வரையில் பெரும்பாலோர் அந்த ஜோடியைக் கடைசிவரை விடுவதில்லை. பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறார்கள்!

நடுச்சீட்டின் மதிப்பும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். மூன்று சீட்டு வரிசைகளில் 7 மூன்றில் இடம் பெறும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ஏஸ், 2, ராஜா ஆகியவை இரண்டில்தான் வரும். ராணி, ஜாக்கி மூன்றில் வரும். "படச்சீட்டை முதலில் தள்ளு" என்று எல்லோரும் சொல்வது கடைசியில் புள்ளி ஏறாமல் இருக்க. அது நியாயம்தான். ஆனால் படச்சீட்டு எல்லாமே சேருவதற்குச் சிரமம் என்று ராணியையும் ராஜாவோடு ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

மார்ச் 6

"எல்லாம் கணக்கு என்றால் ஆள் எதற்கு?" என்று ஒருவர்.

ஆள்தான் பாதி ஆட்டம். ரம்மியில் நீங்கள் எடுக்கக்கூடிய திறந்த சீட்டு ஒருவரிடமிருந்து மட்டுமே வரும், உங்களுக்கு முன்னால் ஆடியவர். நீங்கள் தள்ளுவது உடனே போய்ச் சேருவதும் ஒருவரிடம்தான், உங்களுக்குப் பின்னால் ஆடுபவர். ஆறு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஆரம்பத்தில் அந்த இருவரைக் கவனித்தால் போதும். முன்னவர் எந்த ரகத்தைத் தள்ளுகிறார், பின்னவர் எதை ஆசையாக எடுத்தார். எனக்கு ஆறு பேரையும் கவனிக்க முயன்ற நாட்களில் ஒருவரைப் பற்றியும் எதுவும் தங்கவில்லை. இருவர் என்று குறைத்த பிறகு தங்க ஆரம்பித்தது.

திறந்த சீட்டை எடுத்தால் உங்கள் கையில் ஒரு பகுதி எல்லோருக்கும் தெரிகிறது. கவிழ்ந்த கட்டிலிருந்து புதிதாக ஒன்று வரும் வாய்ப்பும் போகிறது. ஆகவே ஒரு வரிசையோ செட்டோ முழுமையாகாமல், வெறுமனே ஜோடி சேர்க்கத் திறந்ததை எடுப்பது அநேகமாக நஷ்டம்.

மார்ச் 9

"ஞாபகசக்தி இல்லை, அதனால் சீட்டு வராது" – இந்தக் கவலை மூன்று பேருக்கு.

வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் வெளியிட்ட செஸ் ஆய்வைச் சொல்கிறேன். நடந்த ஆட்டத்தின் ஒரு நிலையை 5 வினாடி காட்டிவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட வெகு அதிகமான காய்களைச் சரியாக வைத்தார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது அந்த மேன்மை கிட்டத்தட்ட மறைந்தது. தேர்ந்தவருக்கு இருந்தது தனியான ஞாபகசக்தி இல்லை. அர்த்தமுள்ள கூட்டங்களாகக் காய்களைப் பார்க்கும் பழக்கம். அது ஆட ஆட வருவது.

பின்னாளில் நடந்த ஆய்வுகளில், இறைத்த நிலையிலும் தேர்ந்தவருக்குச் சிறு மேன்மை இருப்பது தெரிந்தது. சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். பெரிய படம் மாறவில்லை.

மார்ச் 9, சற்று கழித்து

மேலே எழுதியதைச் சீட்டுக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன்.

பிரிட்ஜில் நல்ல ஆட்டக்காரர் 52 சீட்டையும் மனதில் ஓட்டுவதில்லை. கையின் வடிவத்தை நினைவில் வைக்கிறார். 13 சீட்டு நான்கு ரகங்களில் எப்படிப் பிரியும் என்பதில் சில வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். 4-4-3-2 சுமார் 21.6 சதவீதம், 5-3-3-2 சுமார் 15.5, 5-4-3-1 சுமார் 13. எதிராளிக்கு ஒரு ரகத்தில் 5, இன்னொன்றில் 4 என்று தெரிந்தால் மிச்சம் 4 மட்டும். 3-1 அல்லது 2-2 அல்லது 4-0. பதின்மூன்றைத் தனித்தனியாக எண்ணிக் களைப்பவருக்கு முன்னால் இவர் மூன்று சாத்தியங்களோடு நிதானமாக உட்கார்ந்திருக்கிறார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே ஒரு ரகத்தை எண்ணுங்கள். துருப்பு உள்ள ஆட்டம் என்றால் துருப்பை மட்டும். அதுவும் விழுந்ததை எண்ண வேண்டாம், வெளியே மிச்சம் இருப்பதை எண்ணுங்கள். நம்மிடம் 8 என்றால் வெளியே 5. ஐந்திலிருந்து இறங்குவது சுலபம். அந்த ஐந்து 3-2 ஆகப் பிரிய 68 சதவீதம், 4-1 ஆக 28, 5-0 ஆக 4. இந்த மூன்று எண்கள் பழகிவிட்டால் பல ஆட்டங்களில் முதல் திட்டம் தானாக வரும்.

மார்ச் 14

மார்ச் 3 குறிப்புக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். சிலர் "9 சீட்டு என்றால் எப்போதும் ராஜா" என்று மனப்பாடம் செய்துகொண்டதாக எழுதியிருக்கிறார்கள். வேறு எந்தத் தகவலும் இல்லாதபோதுதான் 52-48.

வலப்பக்கத்தவர் ஏலத்தில் (ஆட்டத்துக்கு முன் துருப்பு கேட்கும் சுற்று) வேறொரு ரகமான ஸ்பேடை உயர்த்திக்கொண்டே போனார், அவரிடம் ஸ்பேட் 7, இடப்பக்கத்தவரிடம் 2 என்று தெரிகிறது. இப்போது மறுபடி எண்ணுங்கள். வலப்பக்கம் தெரியாதவை 13-இல் 7-உம் 1-உம் போக 5. இடப்பக்கம் 2-உம் 2-உம் போக 9. ராணி இடப்பக்கம் இருக்க 14-க்கு 9, சுமார் 64 சதவீதம். ஜாக்கியைப் போட வேண்டும். மனப்பாட விதி இங்கே உங்களைக் கவிழ்த்துவிடும்.

விதியைக் கற்பதைவிட அந்த விதி எந்த எண்ணிக்கையிலிருந்து வந்தது என்பதைக் கற்பது மெதுவாகத் தெரியும். ஆனால் ஒரே எண்ணிக்கை நூறு விதிகளுக்குப் பதில் சொல்லும்.

மார்ச் 15

அதிர்ஷ்டத்தை வடிகட்ட வழி உண்டா என்ற கேள்வி இந்த இழையிலேயே சிறந்தது.

உண்டு. போட்டி பிரிட்ஜில் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பது. பகிர்ந்த நான்கு கைகளையும் கலைக்காமல் அப்படியே அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். எல்லா மேசையிலும் அதே சீட்டு. உங்களுக்கு வந்த மோசமான கையோடு வேறு மேசைகளில் அதே திசையில் உட்கார்ந்தவர்களும் போராடுகிறார்கள். நீங்கள் 7 பிடி எடுத்த இடத்தில் மற்றவர்கள் 6 எடுத்தால் நீங்கள் நன்றாக ஆடியிருக்கிறீர்கள், அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தாலும். "வந்த சீட்டைத்தானே ஆடுகிறோம்" என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

வீட்டில் இருவர் ரம்மி ஆடினாலும் செய்யலாம். பகிர்வதற்கு முன் கட்டின் வரிசையைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது சீட்டுகளைப் பரப்பிக் கைபேசியில் ஒரு படம். ஆடி முடித்துச் சில வாரங்கள் கழித்து அதே வரிசையை அடுக்கி, இடம் மாறி உட்கார்ந்து ஆடுங்கள். சீட்டு மறந்திருக்கும். நானும் என் நண்பரும் இதைச் செய்தபோது, அதிர்ஷ்டக் கை என்று இருவரும் சொன்ன ஒன்றில் இடம் மாறியபின் நண்பர் ஆட்டத்தை முடிக்கவே திணறினார். அந்தக் கையின் பெரும்பகுதி அதிர்ஷ்டம் ஆட்டக்காரரிடம் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் பேசவில்லை, மறுநாள் சரியாகிவிட்டார்.

மார்ச் 16

"கலைப்பது சரியில்லை என்றால்?" நல்ல சந்தேகம். ரம்மி முடிந்ததும் செட்டும் வரிசையுமாகச் சீட்டுகள் சேர்ந்தே கட்டுக்குள் போகின்றன. கட்டை இரண்டாகப் பிரித்து நுனிகளை ஒன்றுக்குள் ஒன்று உதிர்த்துக் கலைக்கும் முறையில், 52 சீட்டுக்கு 7 முறை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் காட்டினார்கள். கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மேலிருந்து தள்ளும் வழக்கமான முறை இதைவிடப் பலமடங்கு மந்தம். அதில் பக்கத்துச் சீட்டுகள் பெரும்பாலும் பிரிவதில்லை. இரண்டு கட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கலையுங்கள். மேசையில் பரப்பி இரண்டு கையாலும் குழப்புவதும் நல்ல வழி.

மார்ச் 22

சீட்டு அல்லாத ஒன்று. பேக்கமன், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பழைய பலகை ஆட்டம். அதில் ஒரு கனசதுரம் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஒருவர் "பந்தயப் புள்ளி இரட்டிப்பு" என்று அதை நீட்டலாம். மற்றவர் ஏற்கலாம், அல்லது ஒரு புள்ளியோடு தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிடலாம்.

எவ்வளவு வாய்ப்பு இருந்தால் ஏற்கலாம்? பாதிக்கு மேல் என்று எல்லோருக்கும் தோன்றும். நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் எழுந்துவிட்டால் 4 புள்ளி நஷ்டம். நான்கையும் ஏற்று, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால்? 6 போய் 2 வருகிறது, நஷ்டம் அதே 4. ஆகவே ஜெயிக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தாலே ஏற்பதும் எழுவதும் சமம். அதற்கு மேல் இருந்தால் ஏற்க வேண்டும். நான்கில் மூன்று முறை தோற்கப்போகிற முடிவு சரியான முடிவாக இருக்கலாம் என்பது எனக்கு உறைத்தது இங்கேதான். அதன் பிறகுதான் ரம்மித் தோல்விகளை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ எழுதிய டிடி-கேமன் என்ற நிரல் தன்னோடு தானே ஆடி ஆடி பேக்கமன் கற்றது. 2-1, 4-1 போன்ற சில தொடக்கப் பகடைகளுக்குத் தேர்ந்தவர்கள் காலங்காலமாக ஆடிய நகர்த்தலை அது விட்டுவிட்டு வேறொன்றை விரும்பியது. சோதித்துப் பார்த்த மனிதர்களும் மெல்ல அதற்கு மாறினார்கள். அத்தனை பேர், அத்தனை வருட அனுபவம், தொடக்கத்திலேயே வரும் நிலை. அப்படியும் பகடையின் இரைச்சலில் சரியான நகர்த்தல் ஒளிந்துகொண்டிருந்தது.

மார்ச் 23

போக்கர் ஆடுபவர் கேட்டது: பொய்யாட்டம், அதாவது நல்ல கை இல்லாமலே இருப்பதுபோலப் பந்தயம் வைப்பது, துணிச்சலா கணக்கா?

கணக்கு பெரும்பகுதி. நடுவில் 100 புள்ளி இருக்கிறது, கடைசிச் சுற்றில் நீங்கள் 100 வைக்கிறீர்கள். எதிராளி 100 கொடுத்தால் 200 கிடைக்கலாம். மூன்றில் ஒரு முறை நீங்கள் பொய் என்றால் அவருக்கு ஏற்பதும் விடுவதும் ஒன்றே. ஆக இரண்டு நிஜக் கைக்கு ஒரு பொய்க் கை. பொய்யே சொல்லாதவர் நிஜக் கை வந்தாலும் சம்பாதிக்க மாட்டார், எல்லோரும் விலகிவிடுவார்கள். கணித மேதை ஜான் வான் நியூமன் ஆட்டங்களைப் பற்றி 1928-இல் நிறுவிய தேற்றத்தின் சாரம் இப்படிக் கலந்து ஆடுவதில்தான் இருக்கிறது.

பணம் வைத்து ஆடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கற்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம். பணம் இருந்தால் பலனைத் தவிர வேறு எதையும் மனம் பார்க்காது. விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம், அப்புறம் இன்னொன்று. அந்த வழியில் குடும்பங்கள் சிதைவதைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். புள்ளிக்கு ஆடுங்கள்.

மார்ச் 30

செஸ்ஸில் தப்பு உடனே தெரியும் என்று முதல் குறிப்பில் எழுதினேன். காய் பறிபோகும் தப்புக்கு அது பொருந்தும். மெதுவாகக் கொல்லும் தப்புகள் அங்கும் உண்டு. பன்னிரண்டாவது நகர்த்தலில் தள்ளிய ஒரு சிப்பாய் நாற்பதாவதில் ராஜாவுக்கு வழி இல்லாமல் செய்யும். தோற்றவர் நாற்பதாவது நகர்த்தலைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். செஸ் உலக சாம்பியனாக இருந்த கபப்ளாங்கா, காய்கள் குறைந்த இறுதியாட்டத்தை முதலில் படிக்கச் சொன்னதன் நியாயம் எனக்கு இதில்தான் விளங்கியது. காய்கள் குறைவாக இருக்கும்போது காரணமும் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கோ என்பது பலகையில் கல் வைத்து ஆடும் ஆட்டம். 2016 மார்ச்சில் அதன் முன்னணி வீரர் லீ செடோலுக்கு எதிராக ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் இரண்டாவது ஆட்டத்தில் வைத்த 37-ஆவது கல்லைப் பார்த்து, கோ வர்ணனையாளர்கள் தப்பு என்றே முதலில் நினைத்தார்கள். அதிர்ஷ்டமே இல்லாத ஆட்டத்தில்! ஆகவே ரம்மிக்காரர்கள் மட்டும் தலை குனிய வேண்டியதில்லை.

கணினியிடம் கேட்கும் முன் உங்கள் ஆட்டத்தை நீங்களே பாருங்கள். எங்கே திரும்பியது என்று எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் விடை கிடைக்கும், உங்கள் யோசனையில் எங்கே ஓட்டை என்பது கிடைக்காது.

ஏப்ரல் 6

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மகிழ்ச்சி. நோட்டுப் போட்டு, யோசிக்க வைத்த ஒவ்வொரு இடத்திலும் "எதை எதிர்பார்த்தேன், எத்தனை சீட்டு உயிரோடு" என்று ஆட்டம் முடிவதற்குள் எழுதுகிறாராம். சரியான வேலை. முடிந்தபின் எழுதினால் பலன் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

அவர் அனுப்பிய கை: ஆர்ட்டின் 7, 8 ஒரு ஜோடி. ஸ்பேட் ஜாக்கி, கிளாவர் ஜாக்கி இன்னொரு ஜோடி. ஒன்றைக் கலைக்க வேண்டும். ஆர்ட்டின் 9 இரண்டும் போய்விட்டன, ஆர்ட்டின் 6 ஒன்று போய்விட்டது. ஜாக்கி எதுவும் வெளியே வரவில்லை. ஜோக்கர் வேறு வேலையில் இருக்கிறது.

ஆர்ட்டின் ஜோடிக்கு உயிரோடு இருப்பது ஒன்று. ஜாக்கி ஜோடிக்கு ஆர்ட்டின், டைமண்ட் ஜாக்கிகள் இரண்டிரண்டு, மொத்தம் நான்கு. புள்ளி வித்தியாசம் 20-க்கு 15, ஐந்துதான். ஆட்டத்தின் முதல் பாதி என்றால் ஜாக்கியை வையுங்கள். யாரோ முடிக்கப்போகிறார் என்று தெரிந்தால் மட்டும் ஜாக்கிகளைத் தள்ளலாம்.

எதை முதலில் தள்ளுவது என்பதையும் கேளுங்கள், அதை நீங்கள் எழுதவில்லை. 8-ஐ முதலில் தள்ளுங்கள். 9 இல்லாததால் பின்னவருக்கு அந்த 8 உதவ ஒரே வரிசைதான் உண்டு, 6-7-8. அதற்கு மிச்சமுள்ள ஒரே 6-உம், உங்களிடம் இல்லாத அந்த இன்னொரு 7-உம் அவரிடம் இருக்க வேண்டும். 7-ஐத் தள்ளினால் 5-6-7 என்ற இன்னொரு வழியும் அவருக்குத் திறக்கும். தள்ளுவதற்கு முன், 8-ஐ வைத்துச் செட் சேர்க்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இதுவரை வேறு ரக 8 எதையாவது அவர் எடுத்திருந்தால் வரிசையை மாற்றி 7-ஐ முதலில் விடுங்கள்.